வறண்ட ஆற்றுக்குள் கூடாரம்: இஸ்பஹான் உழவர் போராட்டம், நவம்பர் 2021

ஈரானைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் அணு ஒப்பந்தம், எண்ணெய் விலை, போர் ஆகியவைதான் பெரும்பாலும் இடம்பிடிக்கின்றன. அந்நாட்டு மக்களைக் கடந்த இருபது ஆண்டுகளில் வீதிக்கு இழுத்துவந்த காரணங்களில் தண்ணீர் மிக முக்கியமானது. அதைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு நிகழ்வு. 2021 நவம்பரில் இஸ்பஹான் மாகாணத்து உழவர்கள், நீரற்றுக் கிடந்த ஸாயந்தே ரூத் ஆற்றின் படுகையில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். அரசு அவர்களைப் பொறுத்துக்கொண்டது, தொலைக்காட்சியில் காட்டியது, மன்னிப்புக் கேட்டது, அவர்களோடு உடன்பாடும் கண்டது. உடன்பாடு அறிவிக்கப்பட்ட சில நாட்களுக்குள்ளேயே அதே படுகையில் பெல்லட் குண்டுகள் எனும் சிறு ரவைகள் பாய்ந்தன. இத்தனையும் மூன்று வாரங்களுக்குள் நடந்து முடிந்தது. இவ்வளவு சுமுகமாகத் தொடங்கியது ஏன் இப்படி முடிந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பங்கேற்ற உழவர்களோ பாதிக்கப்பட்டவர்களோ இங்கே பெயரால் குறிப்பிடப்படவில்லை.

பின்னணி: ஆறும் அதன் பங்காளிகளும்

ஸாயந்தே ரூத் சுமார் 400 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. ஸாக்ரோஸ் மலைத்தொடரின் ஸர்த் கூஹ் பகுதியில், சஹார்மஹால் பக்தியாரி மாகாணத்தில் பிறக்கிறது. கிழக்கு நோக்கி வந்து, இஸ்பஹான் நகரத்தை ஊடறுத்துச் சென்று, கடலைத் தொடாமலேயே காவ்கூனி என்ற உவர்ச் சதுப்பில் முடிகிறது. ஈரானின் நடுப் பீடபூமியில் இவ்வளவு பெரிய ஆறு வேறில்லை. சஃபாவித் மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1598இல் இஸ்பஹானைத் தலைநகராக்கியதற்குப் பின்னாலும் இந்தத் தண்ணீர் இருந்தது. முப்பத்து மூன்று கண் பாலமும் காஜு பாலமும் பதினேழாம் நூற்றாண்டில் இதன் மீது எழுந்தவை. காஜு பாலம் மதகுகளோடு கட்டப்பட்டது. பலகைகளை இறக்கினால் மேற்புறத்தில் நீர் தேங்கும். மாலை நேரங்களில் அதன் வளைவுகளுக்கு அடியில் நின்று ஆண்கள் பாடுவது ஊர் வழக்கம். கீழே ஆறு காய்ந்துபோன ஆண்டுகளிலும் அந்தப் பாட்டு நிற்கவில்லை.

ஆற்று நீரை ஊர் ஊராகப் பிரிப்பதற்கு சஃபாவித் கால அறிஞர் ஷேக் பஹாயியின் பெயரால் வழங்கும் ஒரு பழைய பங்கீட்டுச் சுருள் உண்டு. ஆற்றை 33 பங்குகளாக வகுத்து, எந்தப் பகுதிக்கு எந்தப் பருவத்தில் எத்தனை பங்கு என்று அது சொல்கிறது. அதன் காலத்தைப் பற்றி வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உழவர்களைப் பொறுத்தவரை அது உயிருள்ள ஆவணம். மீராப் எனப்படும் நீர்க்கணக்கர் முறை வைத்துத் திறந்துவிட, தலைமடையும் கடைமடையும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டன. பரம்பரையாக வரும் இந்தப் பங்கை அவர்கள் ஹக்காபே என்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் நீர்ப் பங்கீட்டுச் சட்டம் தண்ணீர் முழுவதையும் அரசின் பொறுப்பில் வைத்தபோதும் இந்த உரிமையை அடியோடு துடைத்துவிடவில்லை. பின்னாளில் உழவர்களின் வாதம் இதன்மீதுதான் நின்றது: நாங்கள் சலுகை கேட்கவில்லை, எங்கள் பங்கைக் கேட்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் ஆற்றுக்குத் தண்ணீர் கூட்டும் வேலைகள் நடந்தன. காரூன் என்ற இன்னொரு ஆற்றுப் படுகையின் நீரைக் கூஹ்ரங் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பும் முதல் சுரங்கம் 1950களிலும், இரண்டாவது 1980களிலும் திறக்கப்பட்டன. 1970இல் பெரிய அணை வந்தது. நீர் கூடியது உண்மைதான், ஆனால் பங்காளிகள் அதைவிட வேகமாகக் கூடினார்கள். நகரத்துக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் உருக்காலைகள் எழுந்தன. 1990களின் தொடக்கத்தில் முபாரகே உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. பாலைவன மாகாணமான யஸ்துக்கும், காஷானுக்கும் குழாய் போடப்பட்டது. மேற்புறத்தில் மலைச்சரிவுகளுக்கு நீரை ஏற்றிப் பாதாம் தோட்டங்கள் விரிந்தன. நகரத்துக்கு மேலே லெஞ்சான் பகுதியில், ஈரம் அதிகம் கேட்கும் நெல் தொடர்ந்து பயிராயிற்று. இஸ்பஹான் நகரத்தின் குடிநீரும் இதே ஆற்றிலிருந்துதான்.

மழை குறைந்த ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தபோது வெட்டு விழுந்தது முதலில் கடைமடைக்கு. நகரத்துக்குக் கிழக்கே ரூத்தஷ்த் வட்டாரம், வர்ஸனே சிற்றூர் வரையிலான கோதுமை, பார்லி நிலங்கள் அவை. தொழிற்சாலைக்குக் குழாய் உண்டு, நகரத்துக்கும் குழாய் உண்டு. கடைமடைக்காரர்களிடம் இருந்தது ஆறு மட்டுமே. 2000க்குப் பிறகு ஆறு நகரத்துக்குள் விட்டுவிட்டு வறண்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடந்தது. முப்பத்து மூன்று கண் பாலத்தின் அருகே அன்ன வடிவ மிதிபடகுகள் வெடித்த சேற்றின் மீது சாய்ந்து கிடக்கும் படங்களை உலகம் பார்த்தது. கடைமடையில் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின, எடுத்த நீர் உவர்ப்பேறியது, இஸ்பஹான் சமவெளியில் நிலமே தாழத் தொடங்கியது.

முந்தைய இரு வெடிப்புகள்

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கு இஸ்பஹான் உழவர்கள் யஸ்துக்குப் போகும் குழாயின் நீரேற்று வசதியைச் சேதப்படுத்தினார்கள். காவல்துறையோடு மோதல் நடந்தது. யஸ்தில் குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. அடுத்து வந்த காலத்தில் உயர் நீர்க் குழு ஒன்பது அம்சத் தீர்மானம் ஒன்றை எடுத்தது. உரிமையாளர்களின் பங்கை மதிப்பது, புதிய ஒதுக்கீடுகளை நிறுத்துவது ஆகியவை அதன் சாரம். அது காகிதத்திலேயே நின்றதாக உழவர்கள் ஆண்டுதோறும் சொல்லிவந்தார்கள்.

2018 மார்ச்சில் இன்னொரு காட்சி. வெள்ளித் தொழுகைக்குக் கூடிய உழவர்கள் உரையாற்றும் இமாமுக்கு முதுகைக் காட்டித் திரும்பி அமர்ந்து, 'எதிரிக்கு முதுகு, தாய்நாட்டுக்கு முகம்' என்று முழங்கினார்கள். இவர்கள் அரசுக்கு அந்நியமானவர்கள் அல்லர். ஈராக்குடனான எட்டாண்டுப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நிறைந்த, மதப்பற்று மிக்க மாகாணம் இஸ்பஹான். வசைச்சொல் இல்லாமல், கல் எறியாமல், தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்து காட்டிய அந்த எதிர்ப்பு, தெருக் கலவரத்தைவிட ஆட்சியாளர்களை அதிகம் சங்கடப்படுத்தியிருக்கும் என்றே கருதுகிறேன்.

8 நவம்பர் 2021: படுகையில் உட்காருதல்

2021 கடும் வறட்சி ஆண்டு. ஜூலையில் குஸெஸ்தான் மாகாணத்தில் தண்ணீர் கேட்டு எழுந்த போராட்டம் ஒடுக்கப்பட்டதில் உயிர்கள் போயிருந்தன. ஆகஸ்டில் இப்ராஹிம் ரைசி அதிபராகப் பதவியேற்றார். நவம்பர் என்பது கோதுமையும் பார்லியும் விதைக்கும் பருவம். அந்த மாதம் அணை திறக்காவிட்டால் அந்த ஆண்டு நிலம் தரிசுதான்.

நவம்பர் 8ஆம் தேதி உழவர்கள் நகருக்குள் வந்து காஜு பாலத்தின் அருகே ஆற்றுப்படுகையில் கூடாரங்களை அடித்தார்கள். இந்த இடத்தேர்வு எனக்கு மிக நுட்பமாகத் தோன்றுகிறது. சாலையை மறிக்கவில்லை, அலுவலகத்தை முற்றுகையிடவில்லை, 2013இல் போலக் குழாயைத் தொடவுமில்லை. யாருடைய வழியிலும் அவர்கள் குறுக்கே நிற்கவில்லை. தண்ணீர் ஓடியிருக்க வேண்டிய இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். தண்ணீர் வந்தால் தாமே எழுந்து போக வேண்டியிருக்கும் இடம் அது. கோரிக்கையும் குறுகலாகவே வைக்கப்பட்டது: விதைப்புக்கு நீர், ஒன்பது அம்சத் தீர்மானத்தை நிறைவேற்றுதல். அரசுடன் பேச உழவர்களின் தொழில்முறை அமைப்பு இருந்தது. ஆட்சியை எதிர்க்கும் முழக்கங்கள் தவிர்க்கப்பட்டன.

அரசும் முதலில் விட்டுப்பிடித்தது. காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. குஸெஸ்தானின் ரத்தம் காயவில்லை; புதிய அரசு தண்ணீர்ப் பிரச்சினைக்கு முந்தைய ஆட்சியைக் கைகாட்ட முடிந்தது; கேட்பவர்கள் சட்டத்தின் மொழியில் கேட்டார்கள். நவம்பர் 11ஆம் தேதி அதிபர் ரைசி இஸ்பஹான், யஸ்து உள்ளிட்ட மாகாணங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்து, தீர்வு காண்பதாக வாக்களித்தார்.

19 நவம்பர்: நகரம் இறங்கி வருகிறது

வெள்ளிக்கிழமை விடுமுறை நாள். அன்று ஆயிரக்கணக்கான நகரவாசிகள் உழவர்களோடு சேர்ந்துகொள்ளப் படுகைக்கு வந்தார்கள். பாலத்தின் வளைவுகளிலிருந்து பார்த்தால் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். குடும்பத்தோடு வந்தவர்கள், இளைஞர்கள், முதியவர்கள் என எல்லோரும் இருந்தார்கள். 'ஸாயந்தே ரூதைத் திருப்பிக் கொடு, இஸ்பஹானுக்கு மூச்சைக் கொடு' என்ற முழக்கம் எழுந்தது.

அரசுத் தொலைக்காட்சி இதைக் காட்டியது என்பது குறிப்பிடத்தக்கது. ஈரானில் அரிதாகவே அப்படி நடக்கும். முதல் துணை அதிபர், உடனடி நடவடிக்கை எடுக்க எரிசக்தி, வேளாண் அமைச்சர்களுக்கு உத்தரவிட்டதாக அறிவித்தார். பயிருக்குத் தேவையான நீரைத் தர முடியாமல் போனதற்காக உழவர்களிடம் வெட்கப்படுவதாக எரிசக்தி அமைச்சர் கூறினார்.

போராட்டத்தின் உச்சம் இதுதான். அதன் தன்மை மாறியதும் அன்றுதான். அதுவரை விதைப்பு நீர் கேட்கும் ஒரு தரப்பின் கோரிக்கையாக இருந்தது, அன்று முதல் ஒரு நகரத்தின் துயரமாகிவிட்டது. உழவருக்கு ஆறு என்றால் வாய்க்காலில் இத்தனை நாள் நீர். நகரவாசிக்கோ ஆறு என்பது காற்றின் தூய்மை, பாலத்தின் அஸ்திவாரம், சிறுவயது நினைவு, தாம் எப்படி ஆளப்படுகிறோம் என்ற கேள்வி. முதல் தரப்போடு ஒப்பந்தம் போடலாம். இரண்டாவது தரப்புக்குத் தலைவர் இல்லை, சங்கம் இல்லை, கையெழுத்திட ஆளும் இல்லை. இந்த வேறுபாட்டை அரசு உணர்ந்தே இருந்தது என்று அடுத்த வாரத்து நடவடிக்கைகள் காட்டுகின்றன. அதைப் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றாக அரசு பார்க்கவில்லை. பிரித்தெடுத்துக் கையாள வேண்டிய ஒன்றாகப் பார்த்தது.

அடுத்த சில நாட்களில்: தலைமடையின் குரல்

இஸ்பஹானுக்குத் தண்ணீர் தருவோம் என்ற வாக்குறுதி மேலே மலையில் வேறு விதமாகக் கேட்டது. சஹார்மஹால் பக்தியாரியின் தலைநகரான ஷஹ்ரேகோர்தில் மக்கள் கூடி, தங்கள் மாகாணத்து நீரை இனியும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று முழங்கினார்கள். நாட்டின் பெரிய ஆறுகள் பிறக்கும் அந்த மாகாணத்திலேயே பல கிராமங்களுக்கு லாரியில் குடிநீர் போகிறது. பெஹெஷ்த்தாபாத் போன்ற, நீரைத் திருப்பும் புதிய சுரங்கத் திட்டங்கள் மீதான அச்சமும் சேர்ந்துகொண்டது. குஸெஸ்தானில் காரூனின் கரையில் இருப்பவர்களும் இதே அச்சத்தை நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள்: இஸ்பஹானுக்குத் திரும்பும் நீர் தங்களிடமிருந்து போவது என்று.

இந்தக் கட்டத்தை எந்த ஆய்வும் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. கொடுப்பதாகச் சொல்லப்பட்ட தண்ணீர் அரசின் கையில் உபரியாக இல்லை. அது வேறு யாரோ ஒருவருடைய பங்கு. மேலே உள்ளவர்களை அழைத்துப் பேசாமல் கீழே உள்ளவர்களுக்கு வாக்குக் கொடுத்ததால், ஒரு மாகாணத்தை அமைதிப்படுத்திய அதே அறிவிப்பு இன்னொரு மாகாணத்தை வீதிக்குக் கொண்டுவந்தது.

25 நவம்பர்: உடன்பாடும் தீயும்

அந்த வார நடுவில் உழவர் பிரதிநிதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் உடன்பாடு ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வறட்சியால் ஏற்பட்ட இழப்புக்கு ஈட்டுத்தொகை, அணையிலிருந்து நீர் திறப்பு ஆகியவை அதன் மையம். உழவர்கள் ஏன் ஏற்றார்கள் என்று கேட்பவர்கள் விதைப்பு நாட்காட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதமும் அவர்களுக்கு விளைச்சலில் நட்டம். கையில் கிடைப்பதை வாங்கிக்கொண்டு நிலத்துக்குத் திரும்புவதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நவம்பர் 25, வியாழக்கிழமை விடிவதற்குள் கூடாரங்கள் எரிந்தன. உடன்பாட்டுக்குப் பின் உழவர்கள் போய்விட்டதாகவும், எஞ்சியிருந்தவர்கள் உழவர்கள் அல்லர் என்றும் அரசுச் சார்பு ஊடகங்கள் கூறின. பாதுகாப்புப் படைகளே படுகையைக் காலி செய்தன என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கண்ணீர்ப் புகைக்கும் எரியும் துணிகளுக்கும் நடுவே எடுக்கப்பட்ட காணொளிகள் அன்றே பரவின.

26 நவம்பர்: பெல்லட் குண்டுகள்

மறுநாள் வெள்ளிக்கிழமை. முந்தைய வெள்ளியன்று வந்த நகரவாசிகள் மீண்டும் வந்தார்கள். கூடாரங்களை எரித்தது அவர்களின் கோபத்தைக் கூட்டியிருந்தது. இம்முறை கலவரத் தடுப்புப் படை காத்திருந்தது. கைபேசி இணையம் முடங்கியது. கற்கள் பறந்தன, கண்ணீர்ப் புகைக் குண்டுகளும், பறவை சுடப் பயன்படும் சிறு ரவைகளும் கூட்டத்தின் மீது பாய்ந்தன. முதியவர்களின் முகத்தில் ரத்தம் வழியும் படங்கள் வெளிவந்தன. கண்ணில் ரவை பாய்ந்தவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். கலவரத்தின் சூத்திரதாரிகள் என்று 67 பேரைக் கைது செய்ததாகக் காவல்துறை அறிவித்தது. முழக்கங்களும் மாறியிருந்தன, தண்ணீரைப் பற்றி மட்டும் பேசியவை நாட்டின் தலைமையைக் குறிவைத்தன.

ஒரு வாரத்துக்கு முன் அதே மணலில் கூடியவர்களை 'மக்கள்' என்று காட்டிய தொலைக்காட்சி, இப்போது அங்கு வந்தவர்களை 'கலகக்காரர்கள்' என்றது. நடுவில் நடந்தது ஒரு கையெழுத்து மட்டும்தான். அந்த உடன்பாட்டை அரசு உழவர்களுக்கான தீர்வாக மட்டும் பயன்படுத்தவில்லை. மற்ற அனைவரையும் காரணமின்றி வந்தவர்கள் என்று முத்திரை குத்தும் சான்றாகவும் பயன்படுத்தியது. இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இதுவே.

அதன் பின்

அடுத்த நாட்களில் ஈரானிய இளைஞர்கள் பலர் ஒரு கண்ணை மூடிய தங்கள் படங்களைச் சமூக ஊடகங்களில் பதிவிட்டு, பார்வை இழந்தவர்களோடு தாங்களும் நிற்பதாகக் காட்டினார்கள். பத்து மாதம் கழித்து, 2022 செப்டம்பரில், ஹிஜாப் விதி தொடர்பாகக் கைதான இளம்பெண் மஹ்ஸா அமினியின் மரணத்தை ஒட்டி நாடெங்கும் எழுந்த போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு இதே வகைக் கண்காயம் ஏற்பட்டது. இஸ்பஹான் ஆற்றுப்படுகையில் கையாளப்பட்ட முறைக்கு அன்றே விசாரணை நடந்து பொறுப்பு நிர்ணயிக்கப்பட்டிருந்தால் அவர்களில் சிலருக்காவது பார்வை மிஞ்சியிருக்கும் என்பது என் நம்பிக்கை.

தண்ணீரைப் பொறுத்தவரை, அணை அவ்வப்போது திறக்கப்பட்டது. சில நாட்கள் அல்லது சில வாரங்கள் ஆறு ஓடும்; நகரமே பாலத்தடிக்கு வந்து பார்க்கும்; பிறகு மீண்டும் மணல். ஒதுக்கீட்டுக் கணக்கு மாறவில்லை. ஆறு தருவதைவிடக் கூடுதலாக எழுதிக்கொடுக்கப்பட்ட உரிமைகள் அப்படியே நிற்கின்றன.

2025 வசந்தத்தில், நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி, கிழக்கு இஸ்பஹானில் உழவர்களின் எதிர்ப்பு மீண்டும் வெடித்தது. யஸ்துக்குப் போகும் நீர்க்குழாயின் நீரேற்று வசதி தாக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டது. யஸ்தில் குடிநீர் நின்றது. பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. மக்கள் குடத்தோடும் கேனோடும் தண்ணீர் லாரிகளின் முன் வரிசையில் நின்றார்கள். 2013இல் நடந்ததே பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் நடந்தது. அமைதியாக உட்கார்ந்து கேட்ட 2021இன் வழி, இடையில் வந்து பலனின்றிப் போனது.

என்ன மாற வேண்டும்

முதலாவது, கணக்கு. அணைக்கு எவ்வளவு வருகிறது, யஸ்துக்கு எவ்வளவு, உருக்காலைகளுக்கு எவ்வளவு, தோட்டங்களுக்கு எவ்வளவு என்பது நாள்வாரியாக எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும். உழவர்களின் சினத்தில் பெரும்பகுதி வறட்சி மீதானதல்ல. 'எங்களுக்கு இல்லாதபோது அவர்களுக்கு எப்படி இருக்கிறது' என்பதே கேள்வி. மீராப் காலத்தில் பங்கு குறைந்தால் எல்லோருக்கும் குறைந்ததை ஊரே பார்த்தது. குழாயில் போகும் நீரை யாரும் பார்ப்பதில்லை.

பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்களும் போதாது. சஹார்மஹால், குஸெஸ்தான், யஸ்து, நகரவாசிகள், ஆலைகள் என எவரும் அங்கு இல்லை. அரசும் கடைமடை உழவரும் மட்டும் போட்டுக்கொண்ட உடன்பாடு அடுத்த மாகாணத்தின் எல்லையைத் தாண்டி நிற்காது. யஸ்துக்காரர்களின் குடிநீரும் பறிக்கக்கூடியதல்ல. அவர்கள் இந்தச் சண்டையைத் தொடங்கியவர்களும் அல்லர்.

ஈரானின் நீரில் ஏறத்தாழ 90 சதவீதம் வேளாண்மைக்கே போகிறது என்று அரசே சொல்கிறது. ஆகவே தொழிற்சாலையை மட்டும் குற்றவாளியாக்குவது நேர்மையல்ல. முபாரகே ஆலை நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் பக்கம் நகர்ந்திருக்கிறது. லெஞ்சானில் நெல், சரிவுகளில் புதிய தோட்டம், கோதுமையில் தன்னிறைவு என்ற அரசின் நெடுநாள் கொள்கை ஆகியவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அதே நேரம் நிலத்தை விட்டு வேறு தொழிலுக்குப் போங்கள் என்று ரூத்தஷ்த் உழவரிடம் சொல்லும் முன், அவருடைய ஹக்காபேக்கு நியாயமான விலையும் மாற்று வாழ்வாதாரமும் உறுதியாக வேண்டும். ஓராண்டு ஈட்டுத்தொகை அதற்கு ஈடாகாது.

கடைசியாக, கூட்டத்தைக் கலைப்பதற்குப் பெல்லட் குண்டு பயன்படுத்துவது முற்றாக நிறுத்தப்பட வேண்டும். நவம்பர் 25 அதிகாலையில் கூடாரங்களுக்குத் தீவைக்கச் சொன்னது யார், மறுநாள் முகத்தின் உயரத்துக்குக் குறிவைத்தது யாருடைய உத்தரவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் சார்பற்ற விசாரணை வழியே பொதுவெளியில் விடை தரப்பட வேண்டும். கண்ணை இழந்தவர்களில் கையெழுத்திட்ட உழவர்கள் எத்தனை பேர், பார்க்க வந்த நகரவாசிகள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்காமல், எல்லோருக்கும் சிகிச்சையும் இழப்பீடும் அந்த விசாரணையின் பகுதியாக இருக்க வேண்டும்.